அந்திமந்தாரையில் சிவப்பு ஏன் வரவில்லை?

வணக்கம். மாம்பலத்து மாடித் தோட்டத்தில் சிவப்பையும் வெள்ளையையும் கலந்து பெற்ற இளஞ்சிவப்பு அந்திமந்தாரையின் விதைகளில் எட்டுச் செடிகள் வளர்ந்தும், ஐந்து இளஞ்சிவப்பாகவும் மூன்று வெள்ளையாகவும் பூத்து, ஒன்றுகூடச் சிவப்பாகவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். கலப்பில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இப்பூவில் சிவப்பு முழுமையான ஓங்குபண்பு, அதாவது வெள்ளையை முற்றிலும் மறைத்துவிடும் பண்பு, அன்று. ஆகவே மரபியலின் முன்னோடி மெண்டலின் பட்டாணியில் காணும் 3:1 விகிதம் இங்கே சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை என 1:2:1 ஆகிறது. ஒரு விதை சிவப்பாகாதிருக்கும் வாய்ப்பு முக்கால் என்பதால், முக்காலை எட்டு முறை பெருக்கிப் பாருங்கள்: எட்டிலும் சிவப்பு தவறும் வாய்ப்பு சுமார் 10 விழுக்காடு, அதாவது சாதாரணமாக நிகழக்கூடியதே. மிளகு போன்ற அந்தக் கரிய விதைகளில் பதினாறு ஊன்றினால் அது 1 விழுக்காடாகக் குறையும். ஆனால் மாலையில் பூ விரியுமுன்பே மெல்லிய துணியால் மூடிவிடுங்கள். அந்திப்பூச்சிகள் பக்கத்து வீட்டு மகரந்தத்தைக் கொண்டுவந்தால் கணக்கு பொய்த்துவிடும்.