முகாம் ஹைக்கூ என்றால் என்ன?

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானோடு மோதிக்கொண்டிருந்த அமெரிக்க அரசு, 1942இல் தன் மேற்குக் கடற்கரைப் பகுதியில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முள்வேலிக்குள் அடைத்தது. அங்கே ஜப்பானிய மொழியில் எழுதப்பட்ட குறுங்கவிதைகளைத்தான் இப்படிச் சொல்கிறோம்.

ஏன் ஹைக்கூ? கையில் தூக்க முடிந்ததை மட்டுமே கொண்டுபோகலாம் என்பது உத்தரவு. வீடு மாறும்போது பீரோவைத் தூக்க முடியாவிட்டாலும் ஊறுகாய் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு போகலாம் இல்லையா? அப்படித்தான் இந்தச் சில வரிகள். அப்புறம், ஹைக்கூ கூடி உட்கார்ந்து எழுதும் கவிதை. கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன், ஃபிரெஸ்னோ ஊர்களில் போருக்கு முன்பே இதற்குக் குழுக்கள் இருந்தன. ஹைக்கூவின் மூன்று வரிகளுக்கு வழக்கமான 5-7-5 அசைக் கணக்கை விட்டுவிட்டுத் தளர்வாக எழுதினார்கள். ஆர்கன்சாஸ் மாநில முகாம்களுக்கு அனுப்பப்பட்ட பிறகும் கூடினார்கள். பிடுங்கி எறியப்பட்ட ஊர், அந்த வட்டத்தில் மறுபடி ஊரானது. எனக்கு மனதைத் தொடுவது இதுதான். அவர்களில் ஒருவரான வயலெட் கஸுவே டி கிறிஸ்டோஃபரோ இவற்றைத் தேடித் திரட்டி, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1997இல் நூலாக்கினார்.

இவற்றை எதிரி நாட்டுக் கைதிகளின் கவிதை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அடைக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள்; ஜப்பானிலிருந்து வந்த முதல் தலைமுறைக்கோ 1952 வரை சட்டமே குடியுரிமையை மறுத்திருந்தது.