வீட்டுக் கணினியில் விமானப் பயிற்சி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பயிற்சி விமானத்தில் 12 மணி நேரம் பறந்திருக்கிறேன். அங்கே ட்ரிம் செய்வதில் (கையை எடுத்தாலும் மூக்கு அப்படியே நிற்கும்படி சரிசெய்வதில்) சிரமம் இல்லை. வீட்டுக் கணினி சிமுலேட்டரில் அதே செஸ்னா 172 விமானத்தை ஓட்டினால் மூக்கு மேலும் கீழும் அலைபாய்ந்துகொண்டே இருக்கிறது. கோளாறு யோக் என்ற ஓட்டும் கைப்பிடியிலா, என் கையிலா?

பதில்: இரண்டிலும் இல்லை, யோக்குக்குள் இருக்கும் ஸ்பிரிங்கில் இருக்கிறது. உண்மையான விமானத்தில் யோக்கில் நீங்கள் உணரும் கனம், வாலில் மூக்கை ஏற்றி இறக்கும் தகடான எலிவேட்டர் மீது மோதும் காற்றிலிருந்து வருகிறது. மூக்கை வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டு ட்ரிம் சக்கரத்தைத் திருப்பத் திருப்ப அந்தக் கனம் குறைந்துகொண்டே வந்து கடைசியில் இல்லாமல் போகும். யோக் நீங்கள் பிடித்திருந்த இடத்திலேயே நிற்கும். வீட்டு யோக்கில் காற்று ஏது? ஸ்பிரிங் அதை எப்போதும் நடுவுக்கே இழுக்கும். அதனால் இங்கே ட்ரிம்மைத் திருப்பும்போதே யோக்கையும் அதே அளவுக்கு மெல்ல நடுவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். கை இறுகப் பிடித்தபடியே இருந்தால் யோக்கும் ட்ரிம்மும் சேர்ந்து மூக்கைத் தூக்கும். பதறிப்போய் யோக்கை விட்டால் மூக்கு தொபுக்கென்று விழும். நீங்கள் சொல்லும் அலைச்சல் இதுதான்.

இப்படிப் பழகுங்கள். 3,000 அடியில் எஞ்சின் சுழற்சியை 2,300 ஆர்பிஎம்மில் வைத்து, அடிவானத்தைப் பார்த்து மூக்கை நிறுத்துங்கள். வேகம் நிலைக்கும்வரை ட்ரிம்மைத் தொடாதீர்கள். பலர் தவறுவது இங்கேதான்: வேகம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே ட்ரிம் செய்துவிட்டு, பிறகு அதைத் துரத்துகிறார்கள். வேகம் நின்ற பிறகு ட்ரிம் பொத்தானை ஒவ்வொரு தட்டாகத் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் யோக்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பொத்தானை அழுத்திப் பிடித்தால் ட்ரிம் ஓடிவிடும். செங்குத்து வேகமானியைப் பார்த்துச் சரிசெய்யவும் கூடாது. அது உண்மை நிலையைக் காட்ட 6 முதல் 9 விநாடிவரை எடுத்துக்கொள்ளும், அதற்குள் நீங்கள் மூன்று முறை திருத்தியிருப்பீர்கள். கையை எடுத்துவிட்டு 2 நிமிடம் 100 அடிக்குள் உயரம் நின்றால் சரி.

அதன் பிறகு ட்ரிம்மைத் தொடாமல் 300 ஆர்பிஎம் குறைத்துப் பாருங்கள். மூக்கு தானே தாழ்ந்து, சில ஆட்டங்களுக்குப் பிறகு விமானம் ஏறக்குறைய பழைய வேகத்திலேயே இறங்கத் தொடங்கும். ட்ரிம் பிடித்து வைப்பது உயரத்தை என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும். அது பிடித்து வைப்பது வேகத்தை.

கேள்வி: “மீட்டர்களையே பார்க்கிறாய், வெளியே பார்ப்பதே இல்லை” என்று பயிற்சியாளர் கண்டிக்கிறார். வீட்டில் சிமுலேட்டர் ஓட்டியதுதான் காரணம் என்கிறார். உண்மையா?

பதில்: உண்மைதான். திரையில் வெளிக்காட்சி ஒரு சின்ன சன்னல் அளவுதான், மானிகளோ பளிச்சென்று தெரிகின்றன. கண் தெளிவாக இருப்பதைத்தான் தேடிப் போகும்.

மருந்து எளிது. ஒரு தாளை வெட்டி, திரையில் மானிப் பலகை முழுவதையும் மறைத்து ஒட்டுங்கள், ஆர்பிஎம் மட்டும் தெரியட்டும். நேராகப் பறக்கும்போது எஞ்சின் மூடிக்கு மேலே அடிவானம் எத்தனை விரல் உயரத்தில் நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இனி அதுதான் உங்கள் அளவுகோல். நேர்ப் பறப்பு, 30 பாகைத் திருப்பம், ஏற்றம், இறக்கம் நான்கையும் வெளிக்காட்சியை வைத்தே செய்யுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை தாளைத் தூக்கி 2 விநாடி பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். உயரம் 100 அடிக்குள், வேகம் 5 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) அளவுக்குள் இருந்தால் கண் திருந்திவிட்டது. பயிற்சியாளரிடம் ஏற்கெனவே திட்டு வாங்கியவர்கள் ஒரு மாதத்துக்கு வீட்டில் இதைத் தவிர வேறு எதையும் செய்ய வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

கேள்வி: எந்த மென்பொருள் நல்லது?

பதில்: எக்ஸ்-பிளேன் 12, மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2024, இலவசமான ஃபிளைட்கியர் மூன்றுமே பயிற்சிக்குப் போதும். தரையைப் பார்த்து வழி கண்டுபிடித்துப் பழக மைக்ரோசாஃப்ட், கருவிகளைப் பழுதாக்கிப் பழக எக்ஸ்-பிளேன் என்று சொல்வேன். எதை எடுத்தாலும் தானியங்கி ரட்டர் (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் தகடு), தானியங்கி மிக்ஸ்சர் (எரிபொருள், காற்றுக் கலவை) போன்ற உதவிகளை முதல் நாளே அணைத்துவிடுங்கள்.

கேள்வி: முதலில் எதை வாங்குவது? யோக்கா, பெடலா, பெரிய திரையா?

பதில்: பெடல். கையில் சாதாரண ஜாய்ஸ்டிக் இருந்தால்கூடப் போதும். முழு விசையில் ஓடுதளத்தில் ஓடும்போது விமானம் இடதுபக்கம் இழுக்கும், வலது காலால் பிடிக்க வேண்டும். ஜாய்ஸ்டிக்கை முறுக்கி ரட்டர் ஓட்டப் பழகியவருக்கு உண்மையான விமானத்தில் கால் எழும்பாது.

பெடல் வந்ததும் மூன்று தொல்லைகளும் கூடவே வரும். பிரேக்கை மிதித்தால் சக்கர நாற்காலி பின்னால் போகும், பெடல் முன்னால் போகும். பெடலைச் சுவரோடு ஒட்டி வைத்து, ஒரு பட்டையால் நாற்காலிக் காலோடு கட்டிவிடுங்கள். இரண்டாவது, விசை கொடுத்தும் விமானம் நகரவில்லை என்றால் பிரேக் அச்சு தலைகீழாகப் பதிந்திருக்கும்: மிதிக்காதபோது முழு பிரேக், மிதித்தால் விடுதலை. அமைப்பில் அந்த அச்சைத் திருப்பிப் போட்டால் தீரும். மூன்றாவது, சில மாதங்களில் பெடல் நடுவில் நிற்கும்போதே மூக்கு விலுக்கென்று துள்ளும். பெடலின் நிலையை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் தூசு சேர்ந்திருக்கிறது. காந்த உணரி உள்ள பெடலில் இந்தத் தொல்லை கிடையாது. நடுவில் 2 அல்லது 3 சதவீதம் செயலற்ற இடைவெளி வைத்தால் போதும். அதற்கு மேல் வைத்தால், ஓடுதளத்தில் நேராக ஓடத் தேவையான சின்ன அசைவுகளையெல்லாம் அது விழுங்கிவிடும்.

கேள்வி: வீட்டில் எத்தனை முறை முயன்றாலும் லேண்டிங் ‘தொம்’மென்றுதான் முடிகிறது. வீட்டிலேயே லேண்டிங் கற்றுக்கொள்ள முடியுமா?

பதில்: ஓடுதளத்துக்கு மேல் 20 அடி வரைக்கும் முடியும். கடைசி 20 அடியை விமானத்தில்தான் கற்க வேண்டும். மூக்கைத் தூக்கி நிறுத்தும் அந்தத் தருணத்தில் உங்கள் கண் நம்புவது பக்கவாட்டில் தரை விரைந்து ஓடுவதைத்தான். திரையில் பக்கவாட்டே இல்லை.

ஆனாலும் அடி விழுவதைப் பாதியாகக் குறைக்கலாம். முதல் காரணம் பார்வைக் கோணம். 60 செ.மீ. அகலத் திரைக்கு முன்னால் 70 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் உங்கள் கண்ணில் அந்தத் திரை அடைத்துக்கொள்வது சுமார் 46 பாகை. சிமுலேட்டரோ அதைவிட அகலமான காட்சியை அதே திரைக்குள் திணிக்கிறது. எல்லாம் சிறிதாகத் தெரியும், தரை இன்னும் தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும், நீங்கள் தாமதமாகத் தூக்குவீர்கள். லேண்டிங்குக்கென்று தனியாக, 46 பாகைக்கு நெருக்கமான ஒரு காட்சியைச் சேமித்து வைத்து, ஃபைனலில் (ஓடுதளத்துக்கு நேராக வரும் கடைசிக் கட்டத்தில்) அதற்கு மாறுங்கள். மானிப் பலகையின் பெரும்பகுதி மறைந்துவிடும், வேகமானி தெரியும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காரணம் காட்சி திக்குவது. 65 நாட் என்பது விநாடிக்கு 33 மீட்டர். விநாடிக்கு 30 சட்டகம் (ஃபிரேம்) ஓடினால் ஒவ்வொரு சட்டகத்துக்கும் விமானம் 1.1 மீட்டர் நகர்கிறது. பெரிய நகர விமான நிலையத்தில் அது 12-க்கு விழுந்தால் ஏறக்குறைய 3 மீட்டர் தாவல். தூக்க வேண்டிய நொடியே இரண்டு சட்டகங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும். கட்டடங்கள் அதிகமில்லாத சிறிய ஓடுதளத்துக்குப் போங்கள், மேகத்தையும் பிற விமானங்களையும் குறையுங்கள்.

அதற்கு முந்தைய பகுதி முழுவதையும் தாராளமாக வீட்டில் பழகலாம். ஓடுதளத்திலிருந்து 1,000 அடி உயரச் சுற்றில் 90 நாட்டில் வந்து, இறங்கும் முனை பக்கவாட்டில் நேராக வந்ததும் 1,500 ஆர்பிஎம், 10 பாகை பிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தகடு). அடுத்த திருப்பத்துக்குப் பிறகு 20, ஃபைனலில் 30. அதற்குள் வேகம் 65 நாட். 172எஸ் வகையில் 10 பாகைக்கு மேல் பிளாப் போட வேகம் 85 நாட்டுக்குள் வந்திருக்க வேண்டும். ஓடுதள எண்ணைக் கண்ணாடியில் ஓர் இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் கண்ணாடியில் மேலே ஏறினால் ஓடுதளத்துக்கு முன்பே இறங்கிவிடுவீர்கள், கீழே நழுவினால் தாண்டிப் போவீர்கள். அசையாமல் நின்றால் பாதை சரி. 300 அடியில் வேகமோ பாதையோ சரியில்லை என்றால் முழு விசை கொடுத்து எழும்பிவிடுங்கள். வீட்டில் கெட்ட அப்ரோச்சை (ஓடுதளத்தை நெருங்கி வருவதை) காப்பாற்றி இறக்குவது பெருமைபோலத் தோன்றும். அந்தப் பழக்கம் உண்மையான ஓடுதளத்துக்குக் கூடவே வந்துவிடும் என்பதுதான் பயம்.

கேள்வி: கருவிப் பறப்புக்கு (வெளியே பார்க்காமல் மானிகளை மட்டும் வைத்துப் பறப்பதற்கு) பயிற்சி எடுக்கிறேன். ஒரு மணி நேரத்தை வீட்டில் எப்படிச் செலவிடுவது?

பதில்: சிமுலேட்டர் முழுப் பலன் தருவது உங்களைப் போன்றவர்களுக்குத்தான். அமெரிக்கரான எட்வின் லிங்க், தன் தந்தையின் ஆர்கன் இசைக்கருவித் தொழிற்சாலையில் பழகிய காற்றுத் துருத்திகளை வைத்து 1929-ல் முதல் பயிற்சிப் பெட்டியை உருவாக்கினார். 1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் தபால் சுமந்து பறந்து உயிரிழந்தபோதுதான் ராணுவம் அதை வாங்கியது. மேகத்துக்குள் பறக்கக் கற்பதே அந்தப் பெட்டியின் வேலை.

முதல் 15 நிமிடம், வெளியே எதுவும் தெரியாத வானிலையில் நேர்ப் பறப்பும் திருப்பமும். கண் செயற்கை அடிவான மானியிலிருந்து கிளம்பி, ஒரு மானியைப் பார்த்துவிட்டு மறுபடி அதற்கே திரும்ப வேண்டும். விநாடிக்கு 3 பாகை திரும்ப எவ்வளவு சாய்வு என்பதற்குக் கணக்கு: வேகத்தைப் பத்தால் வகுத்து 5 கூட்டுங்கள். 90 நாட்டுக்கு 14 பாகை. வேண்டிய திசைக்கு 7 பாகை முன்பே நிமிரத் தொடங்குங்கள்.

அடுத்த 15 நிமிடம் விஓஆர் (தரையிலுள்ள வானொலி நிலையத்தை வைத்து வழி காட்டும் கருவி). அலைவரிசையை வைத்ததும் மோர்ஸ் ஒலியைக் கேட்டு நிலையத்தை உறுதி செய்யாமல் ஊசியை நம்பாதீர்கள். நடுவிலிருந்து ஓரம்வரை 10 பாகை, ஒரு புள்ளிக்கு 2 பாகை. நிலையத்திலிருந்து 30 கடல் மைலில் ஒரு புள்ளி விலகல் என்றால் ஒரு மைல் விலகியிருக்கிறீர்கள். ஊசியைத் துரத்தாமல், திசையை 10 பாகை மாற்றி அங்கேயே பிடித்து, ஊசி என்ன செய்கிறது என்று பொறுத்துப் பாருங்கள்.

பிறகு 2 ஐஎல்எஸ் அப்ரோச் (வானொலிக் கதிர் காட்டும் சரிவில் ஓடுதளத்துக்கு இறங்குவது). 3 பாகைச் சரிவில் தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும் என்று வரும்: 90 நாட்டுக்கு 450 அடி. உங்கள் சிமுலேட்டர் விமானம் அப்படி இறங்க எத்தனை ஆர்பிஎம், மூக்கு எத்தனை பாகை என்று கண்டுபிடித்துத் தாளில் எழுதி வையுங்கள். நேர்ப் பறப்புக்கும் ஏற்றத்துக்கும் அப்படியே. இந்தத் தாள் இல்லாதவர்கள் சரிவு முழுக்க, விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலோடு மல்லுக்கட்டுவார்கள்.

கடைசி அப்ரோச்சில், சில மானிகளை இயக்கும் வெற்றிடப் பம்பைப் பழுதாக்குங்கள். செயற்கை அடிவானமும் திசைக் கைரோவும் சட்டென நிற்காது, மெல்ல மெல்லச் சாய்ந்து பொய் சொல்லும். மற்ற மானிகளோடு அவை முரண்படுகின்றன என்று கண்டுபிடிப்பதுதான் பயிற்சி. கண்டுபிடித்ததும் இரண்டையும் தாளால் மூடிவிட்டு, திருப்பமானியையும் கடிகாரத்தையும் வைத்துத் திரும்புங்கள்: 90 பாகைக்கு 30 விநாடி.

ஒரு மணி நேரத்தில் ஒருமுறைகூட ‘பாஸ்’ பொத்தானைத் தொடாதீர்கள். குழம்பி நிற்கும் அந்த 20 விநாடியைச் சமாளிக்கத்தான் பயிற்சியே.

ஒரு எச்சரிக்கை. மேகத்துக்குள் உள்காது உங்களை ஏமாற்றும், நேராகப் பறக்கும்போதே சாய்ந்திருப்பதுபோல உடல் சொல்லும். நாற்காலியில் அது வராது. வீட்டில் நன்றாக வருகிறது என்பதற்காக மேகத்துக்குள் துணையில்லாமல் நுழைந்துவிடாதீர்கள்.

கேள்வி: இந்த மணி நேரங்களைப் பறப்பு நேரப் பதிவேடான லாக்புக்கில் எழுதலாமா?

பதில்: வீட்டுக் கணினியில் ஓட்டியதை எழுத முடியாது. ஒழுங்குமுறை அமைப்பு அங்கீகரித்த கருவியாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, அமெரிக்காவில் கருவிப் பறப்பு உரிமத்துக்கு அடிப்படை வகைப் பயிற்சிக் கருவியில் 10 மணி, மேம்பட்ட வகையில் 20 மணி வரை, பயிற்சியாளர் உடனிருந்தால் ஏற்கிறார்கள். உங்கள் நாட்டு விதியைப் பயிற்சிப் பள்ளியில் கேளுங்கள்.

கேள்வி: எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்று வீட்டில் பழகலாமா? பழகியது விமானத்தில் கைகொடுக்குமா?

பதில்: கைகொடுக்கும், எப்போது நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாதவரை. நீங்களே த்ராட்டிலை இழுத்துவிட்டுச் செய்வது பாதிப் பயிற்சிதான். எக்ஸ்-பிளேனில் பழுதைத் தற்செயலாக வரும்படி வைத்துவிட்டு வேறு ஏதாவது பயிற்சியில் ஈடுபடுங்கள்.

நின்றதும் முதலில் மூக்கைச் சரிசெய்து சறுக்கு வேகத்தைப் பிடியுங்கள், 172எஸ்-க்கு 68 நாட். பிறகு இறங்கும் இடம். அதன் பிறகுதான் கை: எரிபொருள் அடைப்பான் திறந்திருக்கிறதா, தேர்வுக் குமிழ் இரு தொட்டிகளிலும் இருக்கிறதா, துணைப் பம்ப் போட்டாயிற்றா, மிக்ஸ்சர் முழுதும் உள்ளே இருக்கிறதா, இக்னிஷன் இரண்டிலும் இருக்கிறதா. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தொடுங்கள், மவுஸால் தேடிக்கொண்டிருந்தாலும் வரிசை மனதில் பதியும்.

இதற்கு முன் உங்கள் சிமுலேட்டர் விமானம் ஒழுங்காகச் சறுக்குகிறதா என்று ஒருமுறை சோதியுங்கள். காற்றில்லாத வானிலையில் பிளாப் இல்லாமல், எஞ்சினை நிறுத்தி 68 நாட்டில் 4,000 அடியிலிருந்து 3,000-க்கு இறங்குங்கள். சுமார் 80 விநாடி, ஒன்றரை கடல் மைல் வர வேண்டும். இரண்டு மைலுக்கு மேல் போனால் அந்த மாதிரி விமானம் தாராளமாகச் சறுக்குகிறது. அதை வைத்து ‘அந்த வயல் எட்டும்’ என்று கண்ணைப் பழக்காதீர்கள், வேறு மாதிரியைத் தரவிறக்குங்கள்.