வாசகர் கேள்வி – பதில்: முதலில் சேவையா, ஆட்டமா?

கேள்வி: அமெரிக்க இராணுவக் கல்விக்கழகங்களில் அரச செலவில் படித்துப் பட்டம் பெறும் விளையாட்டு வீரர்கள், படையில் சேவையாற்றிய பின்னரே தொழில்முறை அணிகளில் சேர வேண்டும் என்பது நியாயமா? ஓடியாடும் வயது போனபின் அந்தத் திறமையால் யாருக்கு என்ன பயன்?
– வாசகர் ஒருவர், முள்ளியவளை

பதில்: நியாயம் என்றே நான் கருதுகிறேன். ஆயினும் உங்கள் கேள்வியின் பிற்பாதியில் உள்ள ஆதங்கத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

தரைப்படையின் வெஸ்ட் பொயின்ற், கடற்படையின் அனாபொலிஸ் போன்ற கல்விக்கழகங்களில் நான்கு ஆண்டுப் படிப்புக்கும் தங்குமிடத்துக்கும் மாணவர்கள் காசு கட்டுவதில்லை. அதற்கு ஈடாக, பட்டம் பெற்றபின் குறைந்தது 5 ஆண்டுகள் முழுநேரச் சேவையாற்ற வேண்டும். முதல் 2 ஆண்டுகள் முடியும்வரை எந்தக் கடப்பாடும் இன்றி ஒருவர் விலகிச் செல்லலாம் என்பதையும், மூன்றாம் ஆண்டு வகுப்புகள் தொடங்கும்போதே அந்தக் கடன் அவரைப் பற்றிக்கொள்கிறது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. தன் ஆட்டத்தின் தரம் ஓரளவு தெரிந்த வயதில், யோசிக்க அவகாசம் இருந்தும் ஒருவர் தாமாகவே ஏற்றுக்கொண்ட வாக்கு அது.

படைச் சேவை என்ற சொல்லைக் கேட்டதும் வன்னியில் இருக்கும் நமக்குப் பிள்ளைகளை ஒளித்துவைத்த காலம் நினைவுக்கு வரும். அந்த நினைவோடு இக்கேள்வியைக் கலந்துவிடக் கூடாது. தென்கொரியாவில் உடற்தகுதியுள்ள ஆண்கள் அனைவருக்கும் படைச் சேவை கட்டாயம். 2018 ஆசிய விளையாட்டு விழாவில் அணியுடன் தங்கம் வென்றபடியால்தான் உதைபந்தாட்ட வீரர் சொன் ஹியுங் மின் அதிலிருந்து விலக்குப் பெற்று, 2020 இல் 3 வார அடிப்படைப் பயிற்சியோடு தன் அணிக்குத் திரும்பினார். கட்டாயத்துக்கு உட்பட்டவர் சலுகை கேட்டால் நான் அவர் பக்கமே நிற்பேன். விரும்பி ஒப்பமிட்டவரின் நிலை அதுவன்று.

வயது போய்விடும் என்கிறீர்கள். அனாபொலிஸில் படித்த ரொஜர் ஸ்டோபக், கல்லூரி மட்டத்து அமெரிக்கப் புட்போலின் உயரிய விருதான ஹைஸ்மன் கிண்ணத்தை 1963 இல் வென்றவர். பட்டம் பெற்றபின், அக்காலக் கடப்பாட்டின்படி 4 ஆண்டுகள் கடற்படையில் இருந்தார். வியட்னாமில் வழங்கல் அதிகாரியாகவும் பணிபுரிந்தார். 1969 இல், 27 வயதில், டலஸ் கவ்போய்ஸ் அணியில் புதுமுகமாகச் சேர்ந்த அவர், 1972 ஜனவரியில் நடந்த சுப்பர் போல் இறுதியாட்டத்தில் சிறந்த வீரராகத் தெரிவானார். கூடைப்பந்தாட்டத்தில், அதே அனாபொலிஸில் படித்த டேவிட் ரொபின்சனை 1987 இல் சான் அன்ரோனியோ அணி முதலாவது தெரிவாக எடுத்துவிட்டு, அவர் கடற்படையில் 2 ஆண்டுகளை முடிக்கும்வரை காத்திருந்தது. ஏழடிக்கு மேல் வளர்ந்துவிட்ட அவரைக் கப்பற் பணிக்கு அனுப்ப முடியாது என்பதும் அந்தக் காலச் சுருக்கத்துக்கு ஒரு காரணம். 1989 இல் களமிறங்கியவர், முதற்பருவத்திலேயே சிறந்த புதுமுக வீரர் விருதைப் பெற்றார். எல்லோருக்கும் இப்படி அமையாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். குறுந்தூர ஓட்டக்காரருக்கு 5 ஆண்டுகள் என்பது ஏறக்குறைய முழு வாழ்வு.

என்றாலும் நான் சேவையின் பக்கம் சாய்வதற்குக் காரணம் அமெரிக்காவில் இல்லை. ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு பாடசாலைக்குப் போயிருந்தபோது, கணித பாடவேளையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியர் இல்லாமல் பழைய கணக்கையே மறுபடி கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். கரும்பலகையின் மூலையில் 3 வாரங்களுக்கு முந்திய திகதி அழிபடாமல் இருந்தது. கஷ்டப் பிரதேசச் சேவைக்கு ஒப்புக்கொண்டு வந்த ஆசிரியர், காலம் நிறையுமுன்னர், பதில் ஆள் வராமலே இடமாற்றம் பெற்றுப் போயிருந்தார். அவருக்கும் நியாயமான காரணம் இருந்திருக்கலாம். ஆனால் அவர் விட்டுச்சென்ற கடனை அந்தப் பிள்ளைகள் அல்லவா கட்டினார்கள்? இலவசக் கல்விக்கு ஈடான சேவையில் ஒருவருக்கு விலக்களித்தால், அந்த இடத்தில் வேறு யாரோ நிற்க வேண்டியிருக்கிறது, அல்லது இடமே வெறுமையாகிறது.

அதேவேளை அரசும் தன் சொல்லில் நிற்க வேண்டும். அமெரிக்காவில் 2016 இல், முழுநேரச் சேவையைத் தள்ளிவைத்துவிட்டுத் தொழில்முறை அணியில் சேரச் சலுகை தந்தார்கள். 2017 இல் அதை மீளப் பெற்றார்கள். 2019 இல் மறுபடி தந்தார்கள். 2022 டிசம்பரில் சட்டம் இயற்றி அதை நீக்கியபோது, இறுதியாண்டில் இருந்த வெஸ்ட் பொயின்ற் புட்போல் வீரர் அன்ட்ரே கார்ட்டரின் எதிர்காலம் ஒரேயடியாகக் கேள்விக்குறியாகி, எதிர்ப்பு எழுந்தபின் அதே மாதத்திலேயே முன்னரே சேர்ந்திருந்தவர்களுக்கு விலக்களிக்க வேண்டியதாயிற்று. சேரும் நாளில் இருந்த விதியே அந்த மாணவருக்குக் கடைசிவரை பொருந்த வேண்டும். உண்மையிலேயே உயர்மட்ட ஆட்டக்காரர் என்றால், ரொபின்சனைப் போல 2 ஆண்டுகள் முழுநேரமாகவும் மிகுதியைச் சேமப்படையிலும் கழிக்க விடலாம். 2 ஆண்டுகளுக்குக் குறைவாக விடுவதற்கு நான் உடன்படேன்.

கேள்வி: என் மகள் மாகாண கரப்பந்தாட்ட அணியில் ஆடுகிறாள். கல்வியியற் கல்லூரிக்கும் தெரிவாகியிருக்கிறாள். சேவை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தால் ஆட்டம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
– தாயார் ஒருவர், துணுக்காய்

பதில்: அம்மா, கையெழுத்து வைக்கும் முன்னர் அந்த ஒப்பந்தத்தை மகளோடு இருந்து ஒருமுறை முழுவதும் வாசியுங்கள். எத்தனை ஆண்டுகள் சேவையாற்ற வேண்டும், இடையில் விலகினால் எவ்வளவு பணம் திருப்பிக் கட்ட வேண்டும், பிணை நிற்பவர் யார் என்பவற்றைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அணிப் பயிற்சிக்கும் போட்டிகளுக்கும் கடமை விடுப்புக் கிடைக்குமா என்று கல்லூரியிடம் கடிதம் மூலம் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கி வையுங்கள். ஆசிரியையாக வேலை பார்த்துக்கொண்டே மாலையில் பந்து அடிப்பவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரோடு மகளைப் பேச விடுங்கள்.