ரொறன்ரோ பாடசாலைபோல் கொழும்பிலும் பிள்ளைகளுக்கு நற்குணம் படிப்பிக்கிறார்களா?

கேள்வி: ஸ்காபரோவில் தரம் 3 படிக்கும் எங்கள் மகனின் பாடசாலை, குளிர்காலச் செய்திமடலில் மாதம் ஒரு நற்குணத்தைப் போட்டு அனுப்புகிறது. டிசம்பருக்கு அன்பும் பரிவும், ஜனவரிக்குக் கூட்டாக உழைத்தல். அடுத்த வருடம் கொழும்புக்கே திரும்பி வருகிறோம். அங்கே ஆரம்பப் பிரிவில் இப்படி ஏதாவது உண்டா? உண்மையில் இதனால் பயன் இருக்கிறதா?

பதில்:

இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். மாதம் ஒரு குணம் என்று எழுதிச் சுவரில் ஒட்டுவதால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் அதே செய்திமடலின் பின்பக்கத்தில், பெற்றோர் சலிப்போடு தள்ளிவிடுகிற அறிவித்தல்களில் நிறைய இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் கொழும்பில் தமிழ்மொழிமூல ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். தங்கை குடும்பம் உங்கள் பக்கம்தான். அவளுடைய மகளின் பாடசாலை மடல்கள் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கும். "அக்கா, அங்கயும் இப்பிடிச் செய்யலாம்தானே?" என்று ஒரு வரியும் கூடவே வரும்.

ரொறன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபையின் பட்டியல் செப்டம்பரில் மரியாதையில் தொடங்கி, அக்டோபரில் பொறுப்பு, நவம்பரில் பிறர் நிலை உணர்தல் என்று போய் ஜூனில் விடாமுயற்சியில் முடிகிறது. ஒன்ராறியோ மாகாணம் முழுவதற்கும் குணநல வளர்ச்சி பற்றிய கொள்கை ஆவணத்தைக் கல்வி அமைச்சு 2008இல் வெளியிட்டது. அமெரிக்காவில் இது இன்னும் முந்தியே தொடங்கிவிட்டது. 1992இல் அஸ்பென் நகரில் கூடியவர்கள் வெளியிட்ட பிரகடனத்தின் வழியாக வந்தவைதான் அங்கே பல பாடசாலைச் சுவர்களில் நிறம் நிறமாகத் தொங்கும் ஆறு தூண்கள்: நம்பகம், மரியாதை, பொறுப்பு, நியாயம், அக்கறை, குடிமைப் பண்பு.

சரி, பலன்? அமெரிக்கக் கல்வித் திணைக்களத்தின் ஆய்வு நிறுவனம் இப்படிப்பட்ட ஏழு திட்டங்களை எடுத்து, 84 ஆரம்பப் பாடசாலைகளில், மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை அதே பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தது. 2010இல் அறிக்கை வந்தது. திட்டம் நடந்த பாடசாலைகளுக்கும் நடக்காத பாடசாலைகளுக்கும் சராசரியில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. இதில் வியக்க என்ன இருக்கிறது? 1920களிலேயே ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் ஏறத்தாழ 11,000 பிள்ளைகளுக்குக் களவு செய்யவும் பொய் சொல்லவும் வாய்ப்பு வைத்துப் பரிசோதித்தார்கள். கணக்குச் சோதனையில் பார்த்து எழுதிய பிள்ளை விளையாட்டில் நேர்மையாக இருந்தது. வகுப்பில் நல்ல பிள்ளை வீட்டில் பொய் சொன்னது. நேர்மை என்ற ஒரே பொருள் பிள்ளைக்குள் குடியிருக்கவில்லை. எந்த இடத்தில், யாரோடு, என்ன வேலையில் என்பதைப் பொறுத்து அது மாறியது. நற்குண வகுப்புகளுக்குப் போனவர்களும் மற்றவர்களைவிட நேர்மையாக நடக்கவில்லை.

இதை வாசித்துவிட்டு எல்லாம் வீண் என்று நினைக்க வேண்டாம். இடமும் வேலையும்தான் பிள்ளையை நடத்துகிறது என்றால், இடத்தையும் வேலையையும் சரியாக அமைக்கலாம் அல்லவா? அதுதான் என் கட்சி.

இப்போது அந்தப் பின்பக்கம். தங்கை அனுப்பிய மடல் ஒன்றில் இருந்தவை: பனிக் காற்சட்டை, பூட்ஸ், கையுறை எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள், ஜாக்கெட் சிப் போடுவதை வீட்டில் பழக்கிவிடுங்கள், கடுங்குளிர் நாளில் இடைவேளை உள்ளேதான், உணவு சேகரிப்புக்கு டின் உணவு தாருங்கள். எனக்கு இதுதான் பாடத்திட்டமாகத் தெரிந்தது. இருபது பிள்ளைகள், ஒரு நடைவழி, எல்லோருக்கும் இரண்டு கையுறை. ஏழு வயதுப் பிள்ளை தன் சிப்பைத் தானே போட்டு, பக்கத்துப் பிள்ளையின் சிக்கிய சிப்பையும் இழுத்துவிட்டு, எல்லோரும் ஆயத்தமாகும்வரை வியர்த்துக்கொண்டு வரிசையில் நிற்கிறது. பொறுப்பு, பரிவு, பொறுமை மூன்றும் பத்து நிமிடத்தில், அதுவும் நாளுக்கு இரண்டு மூன்று தடவை. முன்பக்கத்தில் பூ வரைந்து போட்ட 'கூட்டுழைப்பு' இதற்குக் கிட்டவும் வராது.

உங்கள் ஊரிலேயே இன்னொரு நல்ல உதாரணம் பெப்ரவரியில் வரும் இளஞ்சிவப்புச் சட்டை நாள். 2007இல் நோவா ஸ்கோஷியாவில் இளஞ்சிவப்புச் சட்டை போட்டு வந்த ஒரு மாணவனை மற்றவர்கள் வதைத்தார்கள். மூத்த வகுப்பு மாணவர்கள் இருவர் கடைக்குப் போய் அதே நிறத்தில் சட்டைகள் வாங்கி வந்து பாடசாலையில் பகிர்ந்தார்கள். சுற்றறிக்கை வந்து செய்ததல்ல. பிறகு அது நாடு முழுக்கச் சடங்காகிவிட்டது. சடங்கானதும் பாதி உயிர் போயிருக்கும் என்பது என் ஊகம், அது வேறு கதை.

கொழும்புக்கு வருவோம். மாதக் குணப் பட்டியல் இங்கே வழக்கமில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. ரொறன்ரோ பொதுப் பாடசாலைச் சபை எந்தச் சமயத்தையும் படிப்பிக்க முடியாது, ஆகவே எல்லாருக்கும் பொதுவான சொற்கள் தேவைப்பட்டன. இலங்கையில் சமயம் தரம் 1 முதலே பாடம். நல்லவனாயிரு, பொய் சொல்லாதே என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பாடவேளைக்குள் போய்விடுகிறது. கொழும்புத் தமிழ் வகுப்பில் அந்த மணி அடித்ததும் வகுப்பே பிரியும். சைவநெறிக்கு ஒரு அறை, கத்தோலிக்கத்துக்கு ஒன்று, இஸ்லாத்துக்கு ஒன்று. ஒவ்வொரு அறையிலும் பிள்ளை நல்லதைத்தான் கேட்கிறது. ஆனால் பக்கத்து மேசைப் பிள்ளை இல்லாத அறையில் கேட்கிறது. எனக்கு இதில் நெடுநாள் குறை உண்டு.

அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்ப்பவை விழாக்கள். வாணி விழாவுக்குக் கிறிஸ்தவப் பிள்ளை கோலப்பொடி எடுத்துத் தருவதும், வருடக் கடைசியில் கிறிஸ்மஸுக்காக நடக்கும் ஒளி விழாவில் சைவப் பிள்ளை மூன்று ஞானிகளில் ஒருவராக அட்டைக் கிரீடத்தோடு நிற்பதும் இங்கே சாதாரணம். எங்கள் குளிர்காலம் என்பது இவ்வளவுதான்: ஒளி விழா, மார்கழித் திருவெம்பாவை, விடியலில் 22 பாகைக்குக் குறைந்தாலே ஸ்வெட்டர் போட்டு அனுப்பும் அம்மாமார். பொங்கல் நாள் பொது விடுமுறை என்பதால் பாடசாலைப் பொங்கல் அதன் பிறகுதான் பொங்கும். (உங்கள் மகனுக்கு ஜனவரியில் தமிழ் மரபுத் திங்கள் என்று அங்கே பாடசாலையிலேயே கொண்டாட்டம் இருந்திருக்கும். ஒன்ராறியோவில் அது 2014இல் சட்டமானது. இங்கே அப்படி எதுவும் இல்லை என்றதும் ஏமாறப் போகிறான்.)

அடுத்தது கால்கோள் விழா. ஜனவரியில் தரம் 1க்குப் புதுப் பிள்ளைகள் வரும்போது தரம் 2 பிள்ளைகள்தான் மாலை போட்டுக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போவார்கள். பார்ப்பதற்கு வெறும் சடங்கு. ஆனால் போன வருடம் அம்மாவின் சேலையை விடாமல் அழுத அதே பிள்ளை, இந்த வருடம் இன்னொரு அழும் பிள்ளையின் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது அதன் நடையே மாறிவிடும். கெட்டிக்கார ஆசிரியர்கள் அதை அன்றோடு விடமாட்டார்கள். இரண்டு கிழமைக்கு அந்தச் சோடிப் பிள்ளைதான் குழாயடி காட்ட வேண்டும், இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டி திறந்து கொடுக்க வேண்டும்.

சிறுவர் சந்தை இன்னும் நல்லது. ஊர்ப்பக்கப் பாடசாலைகளில் பிள்ளைகள் வளவில் விளைந்த கீரை, முருங்கைக்காய், தேசிக்காய் கொண்டுவருவார்கள். வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் இருக்கும் பிள்ளைக்கு வளவு ஏது? சந்தையில் வாங்கி இங்கே விற்கும், அல்லது வீட்டில் சுட்ட வடை. பொருள் முக்கியமில்லை. காசு மாறும் இடம்தான் முக்கியம். மிச்சக் காசைக் கூட்டிக் கொடுத்துவிட்ட பிள்ளைக்கு, வாங்கிய பிள்ளை அதைத் திருப்பிக் கொடுக்குமா என்பது அந்த மேசையில்தான் தெரியும். சில பெற்றோர் வந்து பிள்ளை கொண்டுவந்த எல்லாவற்றையும் தாங்களே விலைக்கு வாங்கிப் பையில் போட்டு, சந்தையைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

வகுப்பைப் பிள்ளைகளே முறை வைத்துக் கூட்டுவது முன்பு எங்கும் இருந்தது. இப்போது சில இடங்களில் பெற்றோர் காசு சேர்த்து ஆள் வைத்துவிட்டார்கள். "என்ட பிள்ளை கூட்டுறதுக்கா மிஸ் வந்தது?" என்று நேரே கேட்டவர்களும் உண்டு. தும்புத்தடியைப் பிடித்த பிள்ளை மேசைக்கு அடியில் கடதாசி போட இரண்டு தடவை யோசிக்கும். இதை அவர்களுக்கு விளங்கப்படுத்த ஒரு முழுப் பெற்றோர் கூட்டம் போதாது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்துக் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் தண்ணீர் ஏறியது. பாடசாலைகள் மூடிக் கிடந்து திறந்ததும் எல்லா இடத்திலும் கொப்பி, பென்சில் சேர்த்தார்கள். நல்ல காரியம். ஆனால் பெட்டிக்குள் கொப்பியைப் போடும் பிள்ளைக்கு அது எங்கோ தூரத்தில் யாருக்கோ போகிறது. என் வகுப்பிலேயே ஒரு பையனின் கொப்பிகள் அத்தனையும் ஊறிப்போயிருந்தன. அவனோடு ஒரே குழுவில் இருந்த பிள்ளைகள் ஆளுக்கொரு பாடம் என்று பிரித்து அவனுக்கு எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்கள். சுற்றாடல் பாடத்தை எழுதியவனின் கையெழுத்து கோழி கிளறினதுபோல. பெற்றுக்கொண்டவனே வந்து, "மிஸ், இவன்ட எழுத்து விளங்கல்ல" என்று முறைப்பாடு வைத்தான். மற்றவன் முகம் சிவந்து, அடுத்த நாள் திருத்தி எழுதிக் கொண்டுவந்தான். பரிவு என்று சுவரில் எழுதியிருந்தால் இந்தச் சண்டையும் வந்திராது, திருத்தமும் வந்திராது.

இவ்வளவையும் அரித்துத் தின்பது ஒன்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டு உங்களை வரச் சொல்ல மாட்டேன்: தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்று லட்சம் பிள்ளைகள் எழுதுகிறார்கள். நல்ல பாடசாலைக்கு இடம் என்பது அதில் தொங்குவதால், தரம் 4 தொடங்கியதுமே வீடுகளில் காற்று மாறிவிடும். பின்னேர வகுப்பு, சனி ஞாயிறு வகுப்பு. "உன்ட பேப்பரை ஒருத்தருக்கும் காட்டாதே" என்று சொல்லி அனுப்புகிற அம்மாமாரை எனக்குத் தெரியும். கெட்டவர்கள் அல்லர், பயந்தவர்கள். ஒன்பது வயதில் கொப்பியை முழங்கையால் மூடி எழுதப் பழகிய பிள்ளையிடம் கூட்டுழைப்பு பற்றி எத்தனை மடல் அனுப்பினாலும் சரிதான்.

நல்ல நடத்தைக்குச் சான்றிதழ், நட்சத்திரம் கொடுக்கும் வழக்கம் இங்கும் பெருகி வருகிறது. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. வார்னெகன், தொமசெல்லோ என்ற ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், உதவி செய்ததற்குப் பரிசு பெற்ற 20 மாதக் குழந்தைகள் பிறகு, எதுவும் பெறாத குழந்தைகளைவிடக் குறைவாகத்தான் உதவின. பாராட்டுங்கள், கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். விலை வைக்காதீர்கள்.

ஆகவே கொழும்பில் பாடசாலை தேடும்போது அதிபரிடம் "குணநலத் திட்டம் இருக்கிறதா" என்று கேட்டால் "இருக்கிறது" என்றுதான் சொல்வார். வகுப்பைக் கூட்டுவது யார், சிறுவர் சந்தை கடைசியாக எப்போது நடந்தது, தரம் 4இல் மதியத்துக்குப் பிறகு புலமைப்பரிசில் வகுப்பு வைக்கிறீர்களா என்று கேளுங்கள். இடைவேளை நேரமாகப் பார்த்துப் போனால் மைதானத்தையும் பார்க்கலாம்.

நீங்கள் எந்த மாதத்தில் வந்து சேருகிறீர்கள் என்பதும் முக்கியம். பாடசாலை வருடம் ஜனவரியில் தொடங்குவது வழமை. கொரோனாவுக்குப் பிறகு சில வருடம் முன்பின்னாகக் கிடந்தது. முடிந்தால் வருடத் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டிப் பயிற்சி வரும். அதற்குள் உங்கள் மகன் ஒரு இல்லத்தில், அதாவது போட்டி அணியில், விழுந்துவிட்டால், தமிழ் கொஞ்சம் தடுமாறினாலும் பிள்ளைகள் அவனை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நடுவில் வந்தால் ஒரு தவணை முழுக்க 'கனடாப் பெடியன்' என்ற பெயரோடு ஓரத்தில் இருக்க நேரும்.