வேகமான கார்களைத் தயாரிக்கிறார்கள், ஆனால் டிவியில் வருவது வேறு கார். எதை விளம்பரம் செய்வது என்று கம்பெனிகள் எப்படி முடிவு செய்கின்றன?

உங்களுக்குப் பிடித்த ஒரு வண்டி விளம்பரமே இல்லாமல் வந்து, சத்தமில்லாமல் நின்றுபோயிருக்கும், அந்த வயிற்றெரிச்சலில்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அதே வயிற்றெரிச்சல் உண்டு. கோவையில் ஒரு கார் ஷோரூமில் சேல்ஸில் இருந்தவன் நான். விளம்பர ஏஜென்சி ஆள் இல்லை, அவர்கள் கணக்கு வேறாக இருக்கலாம். ஷோரூம் பக்கமிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

கார் எவ்வளவு நல்லது என்பதை வைத்து விளம்பரம் போடுவதில்லை. போடுகிற காசுக்கு எத்தனை வண்டி நகரும் என்பதுதான் கேள்வி. ஸ்கோடா 2025ல் ஆக்டேவியா ஆர்எஸ் என்ற வேகமான காரை இந்தியாவுக்கு 100 மட்டும் கொண்டுவந்தது. ஐம்பது லட்சத்தைத் தொடும் விலை, இருந்தும் எல்லாம் புக் ஆகிவிட்டது. அதற்கு எதற்கு டிவி விளம்பரம்? இன்னொரு பக்கம் ஹூண்டாய். ஐரோப்பாவில் 204 பிஎஸ் (குதிரைசக்தி) சக்தியோடு 'ஐ20 N' விற்றார்கள், N என்பது அவர்களுடைய வேகமான கார்களின் பெயர். 2021ல் நமக்கு வந்தது 'ஐ20 N லைன்'. இன்ஜின் சாதாரண ஐ20 டர்போவில் இருந்த அதே 1 லிட்டர், 120 பிஎஸ். சஸ்பென்ஷன், சைலன்சர் சத்தம், தோற்றம்தான் வேறு. அந்தப் பேரின் பளபளப்பு மொத்த ஐ20 குடும்பத்துக்கும் ஒட்டும், அதனால் அதற்குச் செலவு செய்யலாம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டுகிற கார்தான் பாவம், விளம்பரமில்லாமல் தானாகவும் தீராது, செலவு செய்யவும் கம்பெனிக்கு மனசு வராது. எங்கள் ஊர் ஜெயம் ஆட்டோ டாடாவோடு சேர்ந்து 2018ல் கொண்டுவந்த ஜேடிபியைப் பாருங்கள், டாடாவின் சின்ன கார் டியாகோவின் வேகமான வடிவம் அது. 1.2 லிட்டர் டர்போ, 114 பிஎஸ், ஷோரூம் விலை 6.39 லட்சம். நான்கு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் அடக்கியதால் சின்ன கார் வரிதான். கோயம்புத்தூர்க்காரன் என்ற பெருமையில் சொல்கிறேன், அந்த விலைக்கு அப்படி ஒரு வண்டி அதற்குப் பிறகு வரவில்லை. 2020ல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது நின்றுவிட்டது.

நான் வேலை பார்த்தது வேறு கம்பெனி, பெயர் வேண்டாம். அங்கேயும் இப்படி ஒரு வேகமான மாடல் இருந்தது. கண்ணாடி ஓரமாக அதைத்தான் நிறுத்துவோம். பையன்கள் உள்ளே வருவதே அதைப் பார்த்துத்தான். ஏன் பேப்பரில் விளம்பரம் போடவில்லை என்று ஏரியா மேனேஜரிடம் கேட்டேன். "மாசத்துக்கு ரெண்டு வண்டி அனுப்பறாங்க. விளம்பரம் போட்டுக் கூப்பிட்டு, வர்றவங்ககிட்ட இல்லைன்னு சொல்லவா?" என்றார். போடாததால் யாரும் கேட்கவில்லை, கேட்காததால் இரண்டுதான் வந்தது.

ஒருமுறை பொள்ளாச்சியிலிருந்து ஒரு தோப்புக்காரர் மகனோடு வந்தார். மகன் ஸ்டீயரிங்கை விடவில்லை. பெரியவர் டிக்கியைத் திறந்து, தரையைத் தட்டி, ஸ்டெப்னியை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, லிட்டருக்கு எவ்வளவு குடுக்குமுங்க?" என்றார். எல் அண்ட் டி பைபாஸுக்குக் கூட்டிப் போனேன். முன்னால் சிமென்ட் லாரி. ரோடு காலியானதும் மகன் மிதித்தான். லாரியைத் தாண்டி நம் பக்கத்துக்கு வந்து சேர எடுத்த நேரத்தைப் பெரியவர் பின் சீட்டில் உட்கார்ந்தபடி கவனித்தார். திரும்பி வந்ததும், "இதையே எழுதிக்குங்க" என்றார்.

வேகத்தைத் தூண்டுகிறேன் என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். இல்லை. எதிரே வண்டி வருகிற ரோட்டில் ஓவர்டேக்கை சீக்கிரம் முடிக்க முடிவது பாதுகாப்பு. ஆனால் விளம்பரத்தில் அதைக் காட்டுவது கஷ்டம். ஆபத்தான வேகத்தைத் தூண்டும்படி கார் விளம்பரம் இருக்கக் கூடாது என்பது விளம்பரத் தரக் கவுன்சிலின் விதி. நல்ல விதிதான். அதனால் சன்ரூஃபைக் காட்டிவிடுகிறார்கள், அது சுலபம்.

அப்புறம், சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லியாக வேண்டும். ஊருக்கு ஊர் பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர்களை யார் போடுகிறார்கள்? ராத்திரியில் கண்ணுக்கே தெரியாது. எங்கள் டெஸ்ட் டிரைவ் வண்டிகள் அடி வாங்கியதெல்லாம் அவற்றில்தான். பைக்கில் போகிறவன் கதி என்ன?

சரி, உங்களுக்கு அப்படி ஒரு கார் வேண்டுமென்றால் வேரியன்ட் பெயரைச் சொல்லி டெஸ்ட் டிரைவ் கேளுங்கள். இல்லை என்றால், என்கொயரியாகவாவது பதிவு செய்யச் சொல்லுங்கள். எங்கள் மாதாந்திர மீட்டிங்கில் மேனேஜர் முதலில் பார்த்தது அந்த என்கொயரி எண்ணிக்கையைத்தான்.