கள்ளக்குரலில் ஒரு பிழைப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. ஏழு வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் படிக்கிறாள். பள்ளி கொயரில் சேர்ந்ததிலிருந்து ஓபரா என்னும் மேற்கத்திய இசை நாடகப் பைத்தியம், அதில் மிக உயர்ந்த பெண் குரலான சோப்ரானோ பாடகியாகத்தான் ஆவேன் என்கிறாள். அவள் அப்பா அக்கவுண்டன்சி படிக்கச் சொல்கிறார். பாட்டு டீச்சரோ, அப்படிப் பாடினால் குரல் கெட்டுவிடும் என்கிறார். இதில் பிழைப்பு நடக்குமா?
(பெயர் வேண்டாம், புக்கிட் பாத்தோக்)

பதில்: டீச்சர் பயப்படுவதில் பாதி நியாயம் இருக்கிறது. உங்கள் மகள் ஐந்து கட்டையில் பாடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மேல் பஞ்சமத்தைத் தொட்டு நின்றால் சபையில் கைதட்டல் விழும். அதே சுரம் ஒரு சோப்ரானோவுக்கு வீட்டு நடுக்கூடம் மாதிரி, மாடிப்படியே அங்கிருந்துதான் தொடங்குகிறது, அதற்கு மேல் இன்னும் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி ஏற வேண்டும். மார்புக் குரலை இழுத்துக்கொண்டு அங்கே போக முடியாது. நம் வாத்தியார்கள் 'கள்ளக்குரலில் பாடாதே' என்று அதட்டுவார்களே, அந்தத் தலைக்குரல்தான் அங்கே மூலதனம். ஆனால் மெலிந்த கள்ளக்குரல் இல்லை, முழு ஆர்க்கெஸ்ட்ராவையும் தாண்டி மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குப் போய்ச் சேருகிற குரல். காலையில் வர்ணம், மாலையில் ஆரியா (ஓபராவில் வரும் தனிப்பாட்டு) என்று இரண்டையும் பாடுவதாக இருந்தால் இரண்டு ஆசிரியர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஒளித்துச் செய்தால்தான் குரல் கெடும்.

சரி, பிழைப்பு. மாதச் சம்பளத்துக்குப் பாடகர்களை வைத்திருக்கும் ஓபரா அரங்கம் சிங்கப்பூரில் இல்லை. சிங்கப்பூர் லிரிக் ஓபரா மாதிரி அமைப்புகள் பல வருடமாக மேடையேற்றுகின்றன என்றாலும், அதை மட்டும் நம்பி வீட்டுக்கடன் கட்ட முடியாது. மாதச் சம்பளம் வேண்டுமென்றால் ஜெர்மனி பக்கம் போக வேண்டும். அங்கே அரசு உதவியில் நடக்கும் ஓபரா அரங்கங்கள் சுமார் 80 இருக்கின்றன, பலவற்றில் பாடகர்கள் நிரந்தரக் குழுவாகவே வேலை செய்கிறார்கள். இந்த வாரம் ராணி, அடுத்த வாரம் ராணியின் வேலைக்காரி. தனியாக ஒப்பந்தத்தில் பாடுபவர்களுக்குப் பெரும்பாலும் மேடையேறிய இரவுக்குத்தான் பணம். ஐந்து வாரம் ஒத்திகை பார்த்துவிட்டு அன்றைக்குச் சளி பிடித்தால் வெறும் கைதான். மேடைக்கு வெளியே பாடம் சொல்லிக்கொடுத்து, சர்ச்சில், கல்யாணத்தில் பாடித்தான் முக்கால்வாசிப் பேர் வண்டி ஓட்டுகிறார்கள்.

சில வருடம் முன்பு இங்கே ஓர் ஓபரா ஒத்திகைக்கு வேடிக்கை பார்க்கப் போனேன். நடைபாதையில் ஒரு பெண் தண்ணீர் பாட்டிலில் ஸ்ட்ராவைப் போட்டு, குடிக்காமல் 'ம்ம்ம்' என்று ஊதிக்கொண்டிருந்தார், குபுகுபுவென்று குமிழி. அவர்தான் நாயகி என்று அப்புறம்தான் தெரிந்தது. பாடும் முன் அப்படி ஊதினால் குரல்நாண்கள் அதிகம் மோதிக்கொள்ளாமல் சூடாகுமாம். உள்ளே போனால், உச்சச் சுரங்களையெல்லாம் கீழ் ஸ்தாயியில் முணுமுணுத்துவிட்டு நடந்தார். நான் ஏமாந்துபோனேன். 'மார்க்கிங்' என்று அதற்குப் பெயர், மேடைக்காகக் குரலைச் சேமிக்கிறார்கள். நம் கச்சேரிக்காரர்கள் இதைக் கொஞ்சம் கடன் வாங்கினால் தேவலை.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: 17 வயதில் முடிவாகிற தொழில் இல்லை இது. பெண் குரல் முப்பதை ஒட்டித்தான் முழுசாக விளைகிறது. புகழ்பெற்ற சோப்ரானோ ஜோன் சதர்லண்ட் சிட்னியில் டைப்பிஸ்டாக வேலை பார்த்தவர். 1952-ல் லண்டன் கோவென்ட் கார்டன் ஓபரா அரங்கில் சின்ன வேடங்களில் சேர்ந்தார், 1959-ல் 'லூசியா' ஓபராவின் நாயகியாகப் பாடியபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அப்போது வயது 32. அப்புறம் 1990 வரை பாடினார். இன்னொரு பெரிய சோப்ரானோ மரியா காலஸ் நேர்மாறு. 1949 ஜனவரியில் வெனிஸில் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் கனமான வேடம் ஒன்றைப் பாடிய சில நாளிலேயே, வேறொரு பாடகிக்கு உடம்பு முடியவில்லை என்று, கொடி மாதிரி வளைகிற மென்குரல் கேட்கிற, இத்தாலிய இசையமைப்பாளர் பெல்லினியின் வேடத்தையும் அவசரமாகப் படித்துப் பாடிக்காட்டினார். உலகமே வாய் பிளந்தது. ஆனால் ஓபரா மேடையில் கடைசியாக நின்றது 1965-ல், 41 வயதில். வகைதொகையில்லாமல் பாடியதுதான் குரலைத் தின்றது என்பவர்களும் உண்டு.

என் யோசனை: சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் சியூ தோ இசைக் கல்லூரியின் குரல் பிரிவுக்கு ஆடிஷன் கொடுக்கட்டும். கிடைத்தால் யோசியுங்கள். கிடைக்காவிட்டால் அக்கவுண்டன்சி படித்துக்கொண்டே நல்ல ஆசிரியரிடம் பாடட்டும், 22 வயதில் மறுபடி முயன்றாலும் தாமதமில்லை. இத்தாலியன், ஜெர்மன் மட்டும் இன்றைக்கே தொடங்கச் சொல்லுங்கள். குரலுக்குக் காத்திருக்கலாம், மொழிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: எஸ்பிளனேடில் ஓர் ஓபரா பார்த்தேன். அந்த அம்மா மேலே போகப்போக எல்லா வார்த்தையும் 'ஆ' என்றே கேட்டது. உச்சரிப்புச் சரியில்லையா?
(ஈசூன் வாசகர்)

பதில்: பாவம், அவர் மேல் தப்பில்லை. 'ஈ', 'ஊ' என்று நம் காது பிரித்தறிவது வாய்க்குள் எழும் சில அதிர்வுகளை வைத்துத்தான். 'ஈ'யின் முதல் அதிர்வு 300 ஹெர்ட்ஸ் அருகில் இருக்கிறது. சோப்ரானோவின் உச்ச சுரமான 'சி'யோ 1,046 ஹெர்ட்ஸ், அடையாளத்தைத் தாண்டி எங்கோ போய்விட்டது. அங்கே 'ஈ' என்று வாயை ஒடுக்கினால் சத்தம் எழும்பாது, அதனால் தாடையைத் திறக்கிறார்கள், 'ஆ' வருகிறது. மேலே திரையில் எழுத்து ஓடுவது சும்மா இல்லை.

கேள்வி: இந்தக் காலத்திலும் மைக் வேண்டாமென்று ஏன் இந்த வறட்டுப் பிடிவாதம்?
(தெம்பனிஸ் வாசகர்)

பதில்: நம் நாடக மேடையும் ஒரு காலத்தில் அப்படித்தான். கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் எல்லாம் உச்ச சுருதியில் பாடியதற்கு, கடைசி வரிசை டிக்கெட்காரருக்கும் கேட்க வேண்டுமே என்பதும் ஒரு காரணம். மைக் வந்ததும் நாம் சுருதியை இறக்கிக்கொண்டோம். ஓபராக்காரர்கள் இறக்கவில்லை.

கேள்வி: நம் பக்கத்து ஆள் யாராவது சோப்ரானோவாக ஜெயித்திருக்கிறார்களா?
(செங்காங் வாசகி)

பதில்: பட்ரீஷியா ரொசாரியோ. மும்பையில் பிறந்து லண்டனில் படித்தவர். ஆங்கில இசையமைப்பாளர் ஜான் டேவ்னர் இவர் குரலுக்கென்றே 30-க்கும் மேற்பட்ட படைப்புகள் எழுதினார்.

கேள்வி: பாடுகிறவர்கள் ஐஸ் மைலோ குடிக்கலாமா?
(எட்டு வயது வாசகர், ஜூரோங்)

பதில்: குடிப்பது குரல்நாணைத் தொடவே தொடாது, அது வேறு குழாய். தொண்டையை வறட்டுவது ஏர்கான்தான். ஆனாலும் பால் சேர்ந்தது சளி கட்டின மாதிரி இருக்கும், பாடும் முன்பு வேண்டாம். பாடி முடித்த பிறகு மேலே மைலோ தூள் கொட்டி 'டைனோசராகவே' வாங்கித்தரச் சொல்.