ஆங்கிலத்தின் 'கேஷ்' தமிழின் 'காசு' என்பதிலிருந்து வந்ததா?

ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' தமிழிலிருந்து போனதன்று. ஆனால் அதே எழுத்துகளால் எழுதப்படும் இன்னொரு 'கேஷ்' ஆங்கிலத்தில் உண்டு. அது நம் காசேதான். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால்தான் ஒரு சாரார் 'முழுவதும் தமிழே' என்றும், மறு சாரார் 'தொடர்பே இல்லை' என்றும் வாதிடுகிறார்கள்.

சென்னைக் கடைகளில் 'கேஷா, கார்டா?' என்று கேட்கிறார்களே, அந்தச் சொல்லின் மூலம் பெட்டியைக் குறிக்கும் 'காப்சா' என்ற இலத்தீன் சொல். இத்தாலியம், பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தை அடைந்த அது, முதலில் பணப்பெட்டியையும், பின்னர் பெட்டிக்குள் இருந்த பணத்தையும் குறிக்கலாயிற்று. கேஷியர், கேப்சூல், வண்டியின் சேசிஸ் ஆகியவையும் அதே வேரில் கிளைத்தவையே.

மற்றதன் வரலாறு நமக்கு நெருக்கமானது. 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று சம்பந்தர் பாடிய 7ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் வழங்கிய இச்சொல்லைப் போர்த்துகீசிய வணிகர்கள் தம் மொழியில் பெட்டிக்கு வழங்கிய 'கைஷா' என்ற சொல்லின் வடிவிலேயே எழுதினார்கள். ஆகவே குழப்பம் ஆங்கிலத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. அவர்கள் வழியாக ஆங்கிலேயர் பெற்ற 'கேஷ்' என்னும் இப்பெயர், சீனாவின் துளையிட்ட செப்புக்காசுக்கும் வழங்கியது.

சென்னப்பட்டணத்தில் அது கணக்குப் புத்தகத்துச் சொல்லாகவே இருந்தது: 80 காசு ஒரு 'பணம்' என்ற நாணயம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்ற பொன் நாணயம். 1818இல் ரூபாய் நிலைபெறும்வரை இம்முறை நீடித்தது. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தின் பர்மிங்காமில் அடிக்கச் செய்த செப்பு நாணயங்களில் 'கேஷ்' என்ற சொல் ஆங்கில எழுத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. 1808ஆம் ஆண்டு நாணயங்களை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கியது; 1980களில் அவை பெருமளவில் மீட்கப்பட்டன.

ஒலி ஒப்புமையை மட்டும் வைத்து ரொக்கத்துக்கான சொல்லையும் தமிழ் என்று நிறுவ முயல்வதை நான் ஏற்கமாட்டேன். நம் சொல் கடல் கடந்ததற்கு அந்தச் செப்பு நாணயங்களே போதுமான சான்று.